சளிப் பரிசோதனையின் கதை: பெர்லினில் இருந்து சேத்துப்பட்டு வரை

தலைப்பைப் பார்த்ததும் சிலர் முகம் சுளிப்பீர்கள். போன முறை கோட்டை, அதற்கு முந்தின முறை ரயில், இப்போது சளியா என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள். ஒரு சின்ன டப்பாவில் துப்பிய சளி மருத்துவத்தை எத்தனை முறை திசை திருப்பியிருக்கிறது என்று தெரிந்தால் உங்களுக்கும் ஆச்சரியமாக இருக்கும்.

இந்தக் கட்டுரைக்குக் காரணம் ஒரு சின்னக் கேள்வி. நிமோனியா வந்தவரின் சளியை எடுத்துப் பரிசோதிப்பதால் பயன் உண்டா? இதைப் பற்றி மருத்துவர்களுக்குள் பல காலமாக விவாதம் நடக்கிறது. கட்டாயம் செய்யவேண்டும் என்பார் ஒருவர். நேரம்தான் வீண், மருந்தைக் கொடுங்கள் என்பார் இன்னொருவர். ஆனால் அதே டப்பா, அதே மைக்ரோஸ்கோப், நோய் மட்டும் காசநோய் (டி.பி.) என்றால் இந்த விவாதமே கிடையாது. சளியைப் பார்த்தே ஆகவேண்டும் என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்வார்கள். இரண்டுமே நுரையீரலைத் தாக்கும் நோய்கள். பிறகு ஏன் இந்த வித்தியாசம்? பதில் வரலாற்றில் இருக்கிறது. அந்த வரலாற்றில் ஒரு பெரிய பகுதி நம் சென்னையிலும் வேலூரிலும் நடந்தது.

எச்சிலில் கிடைத்த கிருமி

நிமோனியாவை உண்டாக்கும் கிருமிகளில் முக்கியமானது நியூமோகாக்கஸ். இதை 1881-ல் இரண்டு பேர் தனித்தனியாக அறிவித்தார்கள். பிரான்சில் லூயி பாஸ்டர், அமெரிக்காவில் ராணுவ மருத்துவர் ஜார்ஜ் ஸ்டெர்ன்பெர்க். வேடிக்கை என்னவென்றால் இருவருமே நிமோனியாவைத் தேடிப் போகவில்லை. பாஸ்டர் வெறிநாய்க்கடியால் இறந்த ஒரு குழந்தையின் எச்சிலை முயலுக்குச் செலுத்திப் பார்த்தார். ஸ்டெர்ன்பெர்க் தன் சொந்த எச்சிலையே முயலுக்குச் செலுத்தினார். முயல்கள் இறந்தன. அவற்றின் ரத்தத்தில் இரண்டு இரண்டாக ஒட்டிக்கொண்ட கிருமிகள் தெரிந்தன.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஸ்டெர்ன்பெர்க்குக்கு நிமோனியா இல்லை. நன்றாக நடமாடிக்கொண்டிருந்த மனிதர். ஆனாலும் அவர் எச்சிலில் அந்தக் கிருமி இருந்தது. நம்மில் பலருடைய மூக்கிலும் தொண்டையிலும் இந்தக் கிருமி ஒரு தொந்தரவும் செய்யாமல் குடியிருக்கிறது. குழந்தைகளிடம் இன்னும் அதிகம். எப்போதாவது அது நுரையீரலுக்குள் இறங்கினால்தான் வம்பு.

நிமோனியா சளிப் பரிசோதனையின் மொத்தச் சிக்கலும் இதில் அடங்கிவிடுகிறது. ஒரு தெருவில் திருட்டு நடந்தது என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தெருவிலேயே குடியிருப்பவரை அங்கே பார்த்தேன் என்று ஒருவர் சாட்சி சொன்னால் அது என்ன சாட்சி? அவர் வீடே அங்கேதானே இருக்கிறது! நுரையீரலில் இருந்து வரும் சளி தொண்டை, வாய் வழியாகத்தான் வெளியே வரவேண்டும். வரும் வழியில் அங்கே குடியிருக்கும் கிருமிகளும் கூடச் சேர்ந்து வந்துவிடும். டப்பாவில் தெரிவது நுரையீரலில் இருந்து வந்ததா, தொண்டையில் ஒட்டிக்கொண்டதா? இந்தக் கேள்விக்கு இன்று வரை முழு விடை கிடையாது.

கிராமின் ஊதாச் சாயம்

பிளஸ் டூ உயிரியலிலேயே கிராம் பாசிட்டிவ், கிராம் நெகட்டிவ் என்று படித்திருப்பீர்கள். அந்தக் கிராம் எடைக் கணக்கு இல்லை, ஒரு மனிதரின் பெயர். ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம், டென்மார்க்காரர். பெர்லினில் கார்ல் ஃப்ரீட்லாண்டர் என்பவரின் ஆய்வகத்தில் வேலை பார்த்தார். நிமோனியாவால் இறந்தவர்களின் நுரையீரலை மெல்லிசாகச் சீவி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பதுதான் வேலை. ஆனால் நுரையீரல் திசுவும் கிருமியும் ஒரே நிறத்தில் தெரிந்தால் எதை எது என்று பிரிப்பது?

ஊதாச் சாயம் ஏற்றி, அயோடின் கரைசல் விட்டு, ஆல்கஹாலில் கழுவிப் பார்த்தார் கிராம். திசுவில் இருந்த சாயம் போய்விட்டது. நியூமோகாக்கஸ் மட்டும் ஊதாவாக அப்படியே நின்றது. சில வகைக் கிருமிகளில் சாயம் நிற்கவில்லை. 1884-ல் இதை வெளியிட்டபோது இது குறைகள் உள்ள முறைதான், யாருக்காவது பயன்பட்டால் சரி என்கிற தொனியில் அடக்கமாகத்தான் எழுதினார். பிறந்தது நிமோனியா ஆராய்ச்சியில். இன்று உலகத்தில் கிருமி பார்க்கும் லேப் எதுவானாலும் முதலில் செய்வது இந்தச் சாயப் பரிசோதனையைத்தான்!

சளிக்கு ஒரு பொற்காலம்

சரி, கிருமியைப் பார்த்தாகிவிட்டது. பார்த்து என்ன செய்வது? அப்போது கொடுக்க மருந்தே இல்லை. பெயர் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் நோயாளிக்கு நடப்பது ஒன்றுதான். காய்ச்சல் ஏறிக்கொண்டே போகும், ஒரு வாரம் பத்து நாளில் ஒன்று திடீரென்று வியர்த்துக் காய்ச்சல் இறங்கும், இல்லாவிட்டால் ஆள் போய்விடுவார்.

இது மாறியது 1910-களில். நியூமோகாக்கஸ் எல்லாம் ஒன்றுபோல இருந்தாலும் அதில் பல வகைகள் உண்டு என்று ஜெர்மனியில் ஃப்ரெட் நியூஃபெல்ட் கண்டுபிடித்திருந்தார். நியூயார்க் ராக்ஃபெல்லர் மருத்துவமனையில் ரூஃபஸ் கோல், ஆஸ்வால்ட் ஏவரி முதலியவர்கள் அதைச் சிகிச்சையாக மாற்றினார்கள். ஒரு வகைக் கிருமியைக் குதிரைக்குச் செலுத்துவது, அந்தக் குதிரையின் ரத்தத்தில் இருந்து சீரம் எடுப்பது, அதை நோயாளிக்கு நரம்பில் ஏற்றுவது. ஆனால் முதல் வகைக்கான சீரம் முதல் வகையைத்தான் பிடிக்கும். மூன்றாம் வகைக்காரருக்கு அதைக் கொடுத்துப் பயனில்லை.

ஆகவே சளி திடீரென்று உயிர் காக்கும் பொருளாகிவிட்டது. நோயாளி வந்ததும் சளியை எடு, லேபுக்கு ஓடு. அங்கே அதை எலியின் வயிற்றில் செலுத்துவார்கள். எலியின் உடம்பில் நியூமோகாக்கஸ் மட்டும் வேகமாகப் பெருகும், மற்றவை பின்தங்கிவிடும். சில மணி நேரம் கழித்து அதை எடுத்து வகை பார்த்துச் சொல்வார்கள். இந்த நேரத்தைக் குறைக்கப் பலர் பாடுபட்டார்கள். அவர்களில் ஒரு இளைஞர் ஆல்பர்ட் சேபின். ஆம், பின்னாளில் போலியோ சொட்டு மருந்து தந்த அதே சேபின்தான்.

ஒரு கிளைக்கதையும் உண்டு. லண்டனில் ஃப்ரெடரிக் கிரிஃபித் என்ற மருத்துவர் நிமோனியா நோயாளிகளின் சளியில் வகை பார்த்துக் கணக்கெடுத்து வந்தார். ஒரே நோயாளியின் சளியில் சில நேரம் பல வகைகள் தெரிந்தன. ஒரு வகை இன்னொரு வகையாக மாறுமா என்று சந்தேகம் வந்தது. எலிகளில் சோதித்தார். செத்த கிருமியிடம் இருந்து ஏதோ ஒன்று உயிருள்ள கிருமிக்குப் போய் அதன் வகையையே மாற்றுகிறது என்று 1928-ல் எழுதினார். அந்த ‘ஏதோ ஒன்று’ டி.என்.ஏ. என்று 1944-ல் நிரூபித்தவர்கள் ஏவரியும் அவருடைய சகாக்கள் மெக்லியாட், மெக்கார்ட்டி இருவரும். நாம் பாடப்புத்தகத்தில் படிக்கும் கிரிஃபித்தின் எலிகள் சளி டப்பாவில் இருந்து தொடங்கியவை என்பதைப் பாடப்புத்தகம் சொல்வதில்லை.

மாத்திரை வந்தது, எலி போனது

1938-ல் இங்கிலாந்தின் மே அண்ட் பேக்கர் கம்பெனி எம் அண்ட் பி 693 என்ற சல்பா மாத்திரையைக் கொண்டுவந்தது. 1943 கடைசியில் பிரதமர் சர்ச்சில் வட ஆப்பிரிக்காவில் நிமோனியாவில் படுத்தபோது அவருக்குக் கொடுத்ததும் அதுதான். அடுத்து பெனிசிலின். இவை வகை பார்ப்பதில்லை. முதல் வகையோ மூன்றாம் வகையோ, எல்லா நியூமோகாக்கஸையும் அடிக்கும்.

சீரம் மறைந்தது, எலி மறைந்தது, வகை பார்க்கும் அவசரமும் மறைந்தது. சளிப் பரிசோதனை இதற்குள் மட்டமாகிவிடவில்லை. அது சொன்ன விடையும் தப்பாகிவிடவில்லை. அந்த விடையால் சிகிச்சை மாறுவது நின்றுவிட்டது, அவ்வளவுதான். ஒரு பரிசோதனைக்கு மதிப்பு எங்கிருந்து வருகிறது என்பதை இந்த இடம் காட்டுகிறது. விடை என்னவாக இருந்தாலும் அடுத்துச் செய்யப்போவது ஒன்றுதான் என்றால் மருத்துவர் கேட்க மாட்டார். விடையால் மருந்து மாறும் என்றால் நடுராத்திரியிலும் கேட்பார்.

இதற்குப் பிறகும் விடாப்பிடியாக வகை பார்த்தவர் ஒருவர் உண்டு, அமெரிக்காவின் ராபர்ட் ஆஸ்ட்ரியன். பெனிசிலின் வந்தும் நியூமோகாக்கஸ் ஆட்களைக் கொல்வது நிற்கவில்லை என்று காட்டினார். எந்த வகைகள் அதிகம் என்ற கணக்கில் இருந்து 14 வகைகளுக்கான தடுப்பூசி 1977-ல் வந்தது. இந்தியாவில் குழந்தைகளுக்கான நியூமோகாக்கல் தடுப்பூசி 2017-ல் சில மாநிலங்களில் தொடங்கி 2021-ல் தமிழ்நாடு உட்பட நாடு முழுவதும் வந்தது. அதுவும் வகைக் கணக்கை வைத்துச் செய்ததே.

காசநோய்க் கிருமி வேறு மாதிரி

இப்போது டி.பி. பக்கம் வருவோம். ராபர்ட் காக் 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் காசநோய்க் கிருமியை அறிவித்தார். (உலக காசநோய் தினம் மார்ச் 24 ஏன் என்று இப்போது தெரிகிறதா?) அந்தக் கிருமிக்கு மெழுகு போன்ற மேலுறை உண்டு. சாயம் சுலபமாக ஏறாது. சூடு காட்டி ஏற்றிவிட்டால் அமிலத்தில் கழுவினாலும் போகாது. பால் எர்லிக், ஃபிரான்ஸ் சீல், ஃப்ரீட்ரிக் நீல்சன் ஆகியோர் அடுத்த ஓரிரு ஆண்டுகளில் இதற்கான முறையைச் செப்பனிட்டார்கள். நீலப் பின்னணியில் சிவப்புக் குச்சிகளாகக் கிருமி தெரியும். எர்லிக் இந்த முறையில் தன் சளியையே சோதித்து அதில் சிவப்புக் குச்சிகளைப் பார்த்துவிட்டார்! எகிப்துக்குப் போய் ஓய்வெடுத்துத் திரும்பி, பிறகு நோபல் பரிசும் வாங்கினார்.

காசநோய்க் கிருமி நம் தொண்டையில் சும்மா குடியிருப்பதில்லை. நியூமோகாக்கஸ் தெருவில் குடியிருப்பவர் என்றால் இது வெளியூர்த் திருடன். நம் நாட்டில் இருமல்காரரின் சளியில் சிவப்புக் குச்சி தெரிந்தால் காசநோய் என்றே எடுத்துக்கொள்ளலாம். ‘இருக்கலாம்’ என்ற பேச்சுக்கு அநேகமாக இடமில்லை.

ஆனால் இங்கேயும் அதே பழைய கதைதான். பல ஆண்டுகள் விடை தெரிந்தும் மருந்து இல்லை. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு என்று சானடோரியத்தில் சேர்ப்பார்கள். டாக்டர் சௌரி முத்து 1928-ல் தாம்பரத்தில் தொடங்கியது அப்படி ஒன்று. மின்சார ரயிலில் போகிறவர்கள் ‘தாம்பரம் சானடோரியம்’ என்ற நிலையப் பெயரை இன்றும் பார்க்கலாம். ஸ்ட்ரெப்டோமைசின் 1943-ல் கண்டுபிடிக்கப்பட்டது. ஆனால் அது நம் ஊரில் எல்லோருக்கும் எட்டுவதற்கு முன்பே, 1948-ல், புதுமைப்பித்தனைக் காசநோய் கொண்டுபோய்விட்டது. அவருக்கு வயது 42.

சேத்துப்பட்டு, 1956

1950-களின் நடுவில் ஐசோனியாசிட், பாஸ் என்று மாத்திரைகள் வந்துவிட்டன. ஆனால் சானடோரியத்தில் படுக்கவைத்துத்தான் கொடுக்கவேண்டும் என்று மருத்துவ உலகம் நம்பியது. இந்தியாவில் இருந்த படுக்கைகளோ நோயாளிகளில் ஒரு சிறு பங்குக்குக் கூடப் போதாது. மீதிப் பேர் என்ன செய்வது? வீட்டிலேயே மாத்திரை கொடுத்தால் குணமாகுமா? சத்தான சாப்பாடு இல்லாத, ஒரே அறையில் ஆறு பேர் படுக்கும் வீட்டில்? அந்த ஆறு பேருக்கும் தொற்றிவிட்டால்?

இதற்கு விடை தேட 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து நடத்தின. தலைமை ஏற்றவர் வாலஸ் ஃபாக்ஸ். சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேர். யார் வீட்டில், யார் சானடோரியத்தில் என்பதைக் குலுக்கல் போல முடிவு செய்தார்கள். அப்போதுதான் ஒப்பீடு நியாயமாக இருக்கும். இருவருக்கும் அதே மருந்து, ஓராண்டு.

குணமாகிவிட்டது என்று எதை வைத்துச் சொல்வது? எடை கூடியதா? சானடோரியத்தில் நன்றாகச் சாப்பிட்டவருக்கு எப்படியும் கூடும். எக்ஸ்ரே தெளிந்ததா? ஒரே படத்தை இரண்டு நிபுணர்கள் இரண்டு விதமாகப் படிப்பார்கள் என்று அமெரிக்காவில் 1940-களிலேயே ஜேக்கப் யெருஷல்மி போன்றவர்கள் காட்டிவிட்டார்கள். இருமல் நின்றதா? அது நோயாளி சொல்வது. சேத்துப்பட்டில் தீர்ப்பைச் சளியிடம் விட்டார்கள். திரும்பத் திரும்பச் சளி எடுத்து, மைக்ரோஸ்கோப்பிலும் பார்த்து, வளர்த்தும் பார்த்தார்கள். கிருமி வளர்வது நின்றதா என்பதுதான் கணக்கு. இந்தக் கணக்கில் ஏழை, பணக்காரர், சானடோரியம், குடிசை என்ற பேதம் கிடையாது.

1959-ல் முடிவு வெளியானது. சானடோரியத்தில் இருந்தவர்கள் நல்ல சாப்பாடு சாப்பிட்டார்கள், ஓய்வெடுத்தார்கள், எடை கூடினார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கு இவை எதுவும் அந்த அளவுக்கு இல்லை. ஆனாலும் சளியில் கிருமி ஒழிந்த கணக்கில் இரு சாராருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை! குடும்பத்தாரையும் தொடர்ந்து பார்த்தார்கள். வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் உறவினர்களுக்கு அதனால் நோய் அதிகமாக வரவில்லை. தொற்றவேண்டியது பெரும்பாலும் நோயைக் கண்டுபிடிக்கும் முன்பே தொற்றிவிடுகிறது என்பதும், மருந்து தொடங்கினால் ஆபத்து சீக்கிரம் குறைகிறது என்பதும் பிறகு தெளிவாயிற்று.

இந்த ஒரு ஆராய்ச்சியால் உலகம் முழுக்க சானடோரியம் என்ற ஏற்பாட்டுக்கே தேவை குறைந்தது. ஒரு நோயாளி ஓராண்டு வேலையையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு எங்கோ போய்ப் படுக்கவேண்டியதில்லை என்றானது. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்பதுதான் அடுத்த தலைவலி. அதற்காக எதிரில் வைத்தே மருந்து கொடுக்கும் முறையையும் சேத்துப்பட்டுக்காரர்கள் 1960-களில் சோதித்தார்கள். பின்னாளில் ‘டாட்ஸ்’ என்று உலகமெங்கும் போன திட்டத்துக்கு அது ஒரு வேர். அந்த மையம் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் அங்கேயே இருக்கிறது.

இருமல் மருந்தோடு திரும்பியவர்கள்

வீட்டிலேயே குணப்படுத்தலாம் சரி, நோயாளியை எப்படிக் கண்டுபிடிப்பது? 1959-ல் பெங்களூரில் தேசிய காசநோய் நிறுவனம் தொடங்கியது. ஊர் ஊராக எக்ஸ்ரே வண்டி அனுப்பவேண்டும், கிராமத்து மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்பது அப்போது பலருடைய எண்ணம். அங்கே வேலை பார்த்த டி. பானர்ஜி, ஆண்டர்சன் இருவரும் கர்நாடகக் கிராமங்களில் சளியில் கிருமி இருந்தவர்களைத் தேடிப்போய்ப் பேசினார்கள். 1963-ல் வந்த அந்த ஆய்வின்படி அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஏற்கெனவே ஏதாவது ஒரு ஆஸ்பத்திரிக்குப் போய்த்தான் இருந்தார்கள். போனவர்களுக்குப் பெரும்பாலும் கிடைத்தது ஒரு பாட்டில் இருமல் மருந்து.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் ஊர்ப் பக்கம்தான் ஞாபகம் வந்தது. ராஜபாளையம் வட்டாரத்தில் இருமலுக்கு எப்போதும் ஒரு காரணம் தயாராக இருக்கும். அய்யனார் கோவில் ஆற்றில் குளித்துவிட்டு வந்து இருமினால் மலைத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை. ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்ப்பவர் இருமினால் பஞ்சுத் தூசி. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறி ஓட்டுபவர் இருமினாலும் அதே தூசி. பீடி குடிக்கிற தாத்தா இருமினால் கேட்கவே வேண்டாம். இவை எதுவும் பொய் இல்லை. பஞ்சுத் தூசியால் நுரையீரல் கெடுவது உண்மையான தொழில்நோய். ஆனால் காரணம் முன்னாலேயே தெரிந்துவிட்டதால் யாரும் சளியைப் பார்ப்பதில்லை. தூசியில் வேலை பார்ப்பவருக்கு டி.பி. வரக்கூடாது என்று சட்டமா இருக்கிறது?

பெங்களூர் ஆய்வில் இருந்து எடுத்த பாடம் எளிமையானது. நோயாளி ஏற்கெனவே வருகிறார், வருகிற இடத்தில் ஒரு மைக்ரோஸ்கோப்பை வையுங்கள். 1962-ல் தொடங்கிய தேசிய காசநோய்த் திட்டம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை என்று அமைந்தது இப்படித்தான். எக்ஸ்ரே கருவியை விட மைக்ரோஸ்கோப் மலிவு. மின்சாரம் இல்லாத ஊரிலும் கண்ணாடியில் சூரிய வெளிச்சத்தைத் திருப்பிப் பார்க்கலாம். பயிற்சி பெற்ற ஒரு லேப் டெக்னீஷியன் போதும். அதற்கும் குறை உண்டு. ஒரு மில்லி சளியில் ஆயிரக்கணக்கில் கிருமி இருந்தால்தான் கண்ணில் படும். கொஞ்சமாக இருந்தால் தப்பிவிடும். ஆனால் நிறைய உள்ளவர்தான் பிறருக்கு அதிகம் பரப்புபவர். அவரைத்தான் முதலில் பிடிக்கவேண்டும்.

வேலூரில் மூச்சை எண்ணியவர்கள்

மறுபடி நிமோனியாவுக்கு வருவோம். நிமோனியாவால் இறப்பவர்களில் சின்னக் குழந்தைகள் நிறையப் பேர். ஒன்றரை வயதுக் குழந்தையிடம் போய் ‘சளியைத் துப்பு கண்ணு’ என்றால் துப்புமா? விழுங்கிவிடும். சரி, லேப் எங்கே? அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் கிராமத்துத் துணை நிலையத்தில் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்க்கக் கூட டாக்டர் இருப்பதில்லை.

வேலூர் சி.எம்.சி.யில் தாமஸ் செரியன், டி. ஜேக்கப் ஜான் முதலியோர் எளிமையான கேள்வியைக் கேட்டார்கள். கருவியே இல்லாமல், பார்த்தே நிமோனியாவைச் சொல்ல முடியுமா? குழந்தை ஒரு நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு விடுகிறது என்று எண்ணினார்கள். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே உள்ளே இழுத்துக்கொள்கிறதா என்று பார்த்தார்கள். ஒரு வயதுக்குள் நிமிடத்துக்கு 50-க்கு மேல், அதற்கு மேற்பட்ட வயதில் 40-க்கு மேல் என்றால் நுரையீரல் தொற்று என்று பெரும்பாலும் சரியாகச் சொல்ல முடிந்தது. 1988-ல் லான்செட் இதழில் இது வெளிவந்தது. பாப்புவா நியூ கினியில் ஃப்ராங்க் ஷான் இதே வழியில் முன்பே எண்ணிப் பார்த்திருந்தார். இந்த வகை ஆய்வுகளின் பலத்தில்தான் உலக சுகாதார நிறுவனம் தன் முறையை வகுத்தது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் தம்பதி கிராமத்துப் பணியாளர்களுக்கே எண்ணவும் மருந்து கொடுக்கவும் கற்றுக்கொடுத்துக் குழந்தைச் சாவுகளைக் குறைத்துக் காட்டினார்கள்.

சேத்துப்பட்டிலும் வேலூரிலும் கேட்ட கேள்வி உண்மையில் ஒன்றே. இந்த நோயாளிக்கு, இந்த இடத்தில், எதைத் தெரிந்துகொண்டால் சிகிச்சை மாறும்? சேத்துப்பட்டில் அதற்குச் சளி தேவைப்பட்டது. வேலூரில் கைக்கடிகாரம் போதுமாக இருந்தது.

இப்போது நிலைமை என்ன?

பெரியவர்களின் நிமோனியாவுக்குச் சளிப் பரிசோதனை முற்றிலும் ஒதுக்கப்படவில்லை. 2019-ல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல் நடுவழியில் நிற்கிறது. வீட்டில் இருந்தே மாத்திரை சாப்பிடும் சாதாரண நிமோனியாவுக்கு வழக்கமாக வேண்டாம். நோய் கடுமையாகி மருத்துவமனையில் சேர்ந்தவருக்கும், சாதாரண மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி இருக்கலாம் என்று சந்தேகம் வந்தவருக்கும் செய்யுங்கள். மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகப் பெருக ‘எந்தக் கிருமி’ என்ற கேள்விக்கு மறுபடி மதிப்பு வருகிறது.

செய்வதாக இருந்தால் ஒழுங்காகச் செய்யவேண்டும். டப்பாவில் இருப்பது சளியா எச்சிலா என்பதை லேபிலேயே கண்டுபிடிக்கலாம். வாயின் உட்புறத் தோல் செல்கள் நிறையத் தெரிந்தால் அது எச்சில், மேற்கொண்டு சோதிப்பது வீண். 1975-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் மர்ரே, வாஷிங்டன் இருவரும் இதற்கு எண்ணிக்கை வரையறையே வகுத்தார்கள். முடிந்தவரை முதல் ஆன்டிபயாடிக் போடுவதற்கு முன்பே சளி எடுக்கவேண்டும். அதே நேரம் சளிக்காகக் காத்திருந்து மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது.

நம் நாட்டில் இன்னொரு முக்கியமான சங்கதி உண்டு. காய்ச்சல், இருமல், எக்ஸ்ரேயில் வெள்ளைத் திட்டு என்று வருபவருக்கு நிமோனியா என்று மருந்து கொடுக்கிறார்கள். அது டி.பி.யாகவும் இருக்கலாம். லெவோஃப்ளாக்சசின் போன்ற மருந்துகள் காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கும். நோயாளிக்குக் கொஞ்சம் தேறியது போல இருக்கும். சில வாரத்தில் திரும்ப வரும். அதற்குள் வீட்டில் எத்தனை பேருக்குப் போயிருக்குமோ! நிமோனியா என்று சொல்லி மருந்து முடித்தும் இருமல் நிற்காதவருக்கு டி.பி.க்கான சளிப் பரிசோதனை செய்யவேண்டும் என்பது இதனால்தான். நிமோனியாவில் சளி என்ன சொல்லும் என்பதில் விவாதம் இருக்கலாம். நிமோனியா போல வேஷம் போட்டு வந்த காசநோயைக் காட்டிக்கொடுப்பதில் சளியை மிஞ்ச ஆள் இல்லை.

மைக்ரோஸ்கோப்பின் இடத்தை இப்போது மரபணுச் சோதனைகள் பிடித்து வருகின்றன. 2010-ல் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட ஜீன்எக்ஸ்பர்ட் இரண்டு மணி நேரத்துக்குள் கிருமி இருக்கிறதா, முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்கு அடங்குமா என்று இரண்டையும் சொல்லிவிடும். கோவாவைச் சேர்ந்த மோல்பயோ நிறுவனத்தின் ட்ரூநாட் பேட்டரியில் ஓடும் இந்தியக் கருவி. 2020-ல் அதற்கும் அங்கீகாரம் கிடைத்தது. கருவி எத்தனை நவீனமானாலும் அதற்குள் போடுவது என்னவோ அதே சளிதான்.

கடைசியாக வகுப்பு நண்பர்களுக்கும் முகம் தெரியாமல் படிப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் யாராவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமிக்கொண்டிருந்தால் காரணம் சொல்வதை நிறுத்திவிட்டு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். பரிசோதனையும் இலவசம், மருந்தும் இலவசம். காலையில் எழுந்ததும் வாயை வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, இரண்டு மூன்று முறை மூச்சை ஆழமாக இழுத்து, நெஞ்சில் இருந்து இருமித் துப்பவேண்டும். காற்றோட்டமான இடத்தில், மற்றவர்கள் பக்கத்தில் இல்லாதபோது செய்யுங்கள். எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிட்டு ‘ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்’ என்று திரும்பி வந்துவிடாதீர்கள். சளிக்குப் பதிலாக எச்சில் போனால் எந்தக் கருவிக்கும் ஒன்றும் தெரியாது.

அடுத்த கட்டுரையில் வேறு விஷயத்தோடு சந்திப்போம்.